இளைஞர் மன்றம் தொடங்கப் போகிறீர்களா? பெயர்ப் பலகையைக் கடைசியில் எழுதுங்கள்

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நம் ஊர்களில் பெரும்பாலான இளைஞர் நற்பணி மன்றங்கள் ஆரம்பமாகின்றன. டீக்கடையில் நாலு பேர் பேசுவார்கள், அன்று ராத்திரியே வாட்ஸ்அப் குரூப் தயாராகிவிடும், மறுநாள் இருபது முகங்களோடு ஒரு ஃபிளெக்ஸ் தொங்கும். காணும் பொங்கலன்று விளையாட்டுப் போட்டி ஜோராக நடக்கும். பந்தலைப் பிரித்த பிறகு குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் மட்டும் ஓடும், அடுத்த மார்கழி வரைக்கும். அதற்குள் "போன வருஷக் கணக்கு என்னாச்சு" என்று யாராவது கேட்டிருப்பார்கள், குரூப் இரண்டாக உடைந்திருக்கும்.

இதைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. கிராமமோ பேரூராட்சியோ நகரத்தில் ஒரு தெருவோ, முதல் முறையாக மன்றம் தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாரம் தவறாமல் நடக்கும் ஒரு வேலையும், யார் கேட்டாலும் எடுத்துக் காட்டக்கூடிய கணக்கும் இருந்தால் மன்றம் நிற்கும். பதிவு எண், பலகை, பனியன், கட்டிடம் எல்லாம் வேண்டியவைதான், ஆனால் அவை அப்புறம்.

முதலில் ஒரே ஒரு வேலை

தொடங்கும்போது எல்லோருக்கும் பத்து ஐடியா இருக்கும். ரத்த தானம், மரம் நடுதல், டியூஷன், கிரிக்கெட் டோர்னமெண்ட், ஏரி தூர்வாருதல் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள், தப்பில்லை. ஆனால் தொடங்குவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அது வாராவாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தரம் நடக்கும் விழாவால் மன்றம் உருவாகாது, விழாக் கமிட்டிதான் உருவாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்களிடம் என்ன இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், ஆனால் சுற்றிலும் ஓடி எடுக்க இடம் விட்டால் 24-க்கு 15 ஆவது வேண்டும். ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10 மீட்டர் போதும், பெண்களுக்கு 12-க்கு 8. பாதத்தைக் கிழிக்காத மண் இருந்தால் சரி, அதனால்தான் கபடி இத்தனை ஊர்களில் பிழைத்திருக்கிறது. இடமே இல்லையென்றால் கேரம் போர்டு, அதற்கு ஒரு திண்ணையும் ஒரு பல்பும் போதும். கேரத்தில் ஒரே சிக்கல், காய்களுக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். சிவப்புக் காய் தொலைந்த வாரமே ஆட்டமும் நின்றுவிடும், பவுடர் டப்பாவும் ஸ்ட்ரைக்கரும் யார் வீட்டுக்கோ போய்விடும். காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டுச் சாவியை வாங்கிக்கொள்ளும் ஆள் இருக்கிற மன்றத்தில்தான் ஆறு மாதம் கழித்தும் கேரம் போர்டு இருக்கும்.

விளையாட்டு வேண்டாம் என்பவர்களுக்கு நான் அதிகம் சிபாரிசு செய்வது போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வட்டம். ஊருக்குப் பத்துப் பேராவது டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதுபவர்கள் இருப்பார்கள், பாதிப் பேர் தனித்தனியாகப் படித்துச் சோர்ந்துபோயிருப்பார்கள். தேர்வில் 200 கேள்விகள், 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்விகள் தமிழில் இருந்து வருவதால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடப் புத்தகங்களை விட்டுவிட்டு வேறு எதைப் படித்தும் பிரயோஜனமில்லை. பழைய புத்தகங்கள் எல்லா வீட்டுப் பரணிலும் கிடக்கின்றன, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு தேர்வு, ஐம்பது கேள்வி. கேள்வி எடுப்பவர் வாராவாரம் மாற வேண்டும், ஏனென்றால் கேள்வி எடுப்பவர்தான் அந்தப் பாடத்தை உண்மையில் படிப்பார். ஓஎம்ஆர் தாள் மாதிரி வட்டம் போட்ட ஒரு தாளை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டால், வட்டத்தை நிரப்பவே எவ்வளவு நேரம் போகிறது என்பது பரீட்சை ஹாலுக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். இதற்கு ஆகும் செலவு ஜெராக்ஸ் காசு மட்டும்தான்.

எதை எடுத்தாலும், மூன்று மாதம் அந்த ஒன்றை மட்டும் நடத்துங்கள். மழை, கல்யாணம், ஐபிஎல் எது வந்தாலும் அந்தக் கிழமை அந்த நேரத்துக்கு இரண்டு பேராவது அங்கே இருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து யார் வந்துகொண்டிருக்கிறார்களோ அவர்கள்தான் உங்கள் மன்றம். தொடக்க நாளில் ஃபிளெக்ஸில் முகம் போட்டவர்களின் பட்டியலும் இதுவும் ஒன்றாக இருக்காது. அதனால்தான் முதல் நாளே தலைவர், செயலாளர் என்று பதவியைப் பிரித்துக் கொடுக்காதீர்கள் என்கிறேன்.

யார் வரவில்லை என்று பாருங்கள்

இதைச் சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் நிறைய மன்றங்கள் ஒரு தெருவின் மன்றங்கள், அதாவது ஒரு சாதியின் மன்றங்கள். பெயரில் இருக்காது, மன்றத்தின் விதிகளான பைலாவில் இருக்காது, ஆனால் பனியன் கலரிலும் கையில் கட்டும் கயிற்றிலும் பேனரில் மேலே இருக்கும் தலைவர் படத்திலும் தெரியும். ஊர் பெயரை வைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேர் கால் வைக்க யோசிக்கும் இடமாக மன்றம் இருந்தால், அது எத்தனை கோப்பை வாங்கினாலும் ஊர் மன்றம் ஆகாது. இன்னொரு பக்கம், அடுத்த வருஷம் கோயில் திருவிழாவில் ஏதாவது தகராறு என்றால் போலீஸ் முதலில் தேடி வருவதும் அந்த மன்றத்தின் உறுப்பினர் பட்டியலைத்தான்.

எப்படிச் சரி செய்வது? "எல்லோரும் வரலாம்" என்று போர்டு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். இடத்தை மாற்றுங்கள். ஒரு தெருவுக்குள் இருக்கும் கோயில் திண்ணையில் கூடாமல் பள்ளி மைதானம், நூலகம், ஊராட்சி அலுவலகத் திடல் என்று எல்லோருக்கும் பொதுவான இடத்தில் கூடுங்கள். அணி பிரிக்கும்போது தெருவுக்கு ஓர் அணி என்று பிரிக்கவே கூடாது, சீட்டுப் போட்டுக் கலந்து பிரியுங்கள். பொருளாளரோ கேப்டனோ வேறு தெருவிலிருந்து வரட்டும். முதலில் முணுமுணுப்பு வரும், சில பேர் நின்றுவிடுவார்கள், போகட்டும்.

அடுத்தது பெண்கள். "பொண்ணுங்க வரமாட்டேங்கிறாங்க அண்ணே" என்று எல்லா மன்றமும் சொல்லும். ராத்திரி எட்டு மணிக்கு, விளக்கில்லாத மைதானத்தில், கழிப்பறையே இல்லாத இடத்தில் வைத்தால் எப்படி வருவார்கள்? சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு மணி வரை நேரத்தைப் பெண்களுக்கென்று ஒதுக்குங்கள், பக்கத்தில் ஏதாவது வீட்டிலோ பள்ளியிலோ கழிப்பறைக்குச் சொல்லி வையுங்கள், எறிபந்து அல்லது சிலம்பம் தொடங்குங்கள். சிலம்பம் அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் அம்மாக்களே கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள். நிர்வாகக் குழுவில் பெண்கள் இருக்க வேண்டும், அதுவும் கோலப்போட்டிப் பொறுப்பாளர் என்ற பதவியில் இல்லை, காசோலையில் கையெழுத்துப் போடும் பதவியில்.

வயது விஷயம். தேசிய இளைஞர் கொள்கை 2014 இளைஞர் என்று சொல்வது 15 முதல் 29 வயது வரை. ஆனால் பதிவு பெற்ற சங்கத்தில் உறுப்பினராக 18 ஆகியிருக்க வேண்டும். அதனால் பதினெட்டுக்குக் கீழ் உள்ளவர்களை ஜூனியர் அணி என்று தனியாக வைத்து, பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூர் போட்டிக்கு அழைத்துப் போனால் ஒவ்வொரு தரமும் வாங்குங்கள். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு சிறுவனையோ சிறுமியையோ வண்டியில் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்று விதியே வைத்துவிடுங்கள். பெண் பிள்ளைகள் விளையாடும் படங்களைக் குரூப்பிலோ ஸ்டேட்டஸிலோ போடும் முன் அவர்கள் வீட்டில் கேளுங்கள். குழந்தைகளிடம் யாராவது தவறாக நடந்தால் அதை "நம்ம பையன்தானே" என்று மன்றத்துக்குள் பேசி முடிக்கக் கூடாது. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தும் மறைப்பதே குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.

கணக்கு: மன்றத்தின் உயிர் இங்கேதான்

மன்றங்கள் உடைவதற்கு ஈகோ காரணம், பொண்ணு விவகாரம் காரணம், அரசியல் காரணம் என்று ஆயிரம் சொல்வார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காசுதான். அதிலும் திருட்டு குறைவு. எழுதி வைக்காததுதான் அதிகம். ஒருவன் தன் கைக்காசைப் போட்டு மைக் செட்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பான், பில் வாங்கியிருக்க மாட்டான், மூன்று மாதம் கழித்து அவனே திருடன் ஆகிவிடுவான்.

எண் அச்சடித்த ரசீது புத்தகம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட வசூல் செய்யாதீர்கள். கார்பன் வைத்து எழுதும் புத்தகம் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும். எத்தனை புத்தகம் யார் கையில் போனது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று பொருளாளர் குறித்து வைக்க வேண்டும், திரும்பி வராத புத்தகத்தைப் பற்றிக் கூட்டத்தில் கேட்க வேண்டும். செலவுக்குப் பில் இல்லையென்றால் ஒரு வவுச்சரில் தொகை, எதற்காக, வாங்கியவர் கையெழுத்து, சாட்சியாக இன்னொருவர் கையெழுத்து. டீ செலவுக்கும்தான்.

ஜிபே எண் விஷயத்தில் கவனம் தேவை. யாரோ ஒருவரின் சொந்த எண்ணைக் குரூப்பில் போட்டு "இதுக்கு அனுப்புங்க" என்பது இப்போது எல்லா ஊரிலும் நடக்கிறது, ஆனால் அந்தப் பணம் அவருடைய பெட்ரோல் செலவோடும் இஎம்ஐயோடும் கலந்துபோகிறது, கடைசியில் அவருக்கே கணக்குத் தெரியாது. பதிவு செய்து வங்கிக் கணக்குத் திறக்கும் வரை, இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற மாதிரி ஒரு கூட்டுச் சேமிப்புக் கணக்காவது வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பேர் ஒரே வீட்டைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது.

விழா முடிந்து மூன்று நாளுக்குள் கணக்கைச் சுவரில் ஒட்டுங்கள். குரூப்பில் பிடிஎஃப் போட்டால் போதாது, காசு கொடுத்த பாட்டிக்கு வாட்ஸ்அப் கிடையாது. ஒரு சார்ட் அட்டை வாங்கி, பட்டை எழுத்தில், டீக்கடைக்கு எதிரே. உதாரணத்துக்கு இப்படி இருக்கலாம்: வரவு பக்கத்தில் வீடுகளில் வசூல் 21,350, வெளியூர் வெளிநாட்டு நண்பர்கள் 9,000, கடைகள் 4,500, போட்டி நுழைவுக் கட்டணம் 2,000, ஆக மொத்தம் 36,850 ரூபாய். செலவு பக்கத்தில் பரிசுப் பாத்திரங்கள் 14,200, மைக் செட்டும் லைட்டும் 7,500, மதியச் சாப்பாடு 6,300, நடுவர்களுக்கு 2,000, சுண்ணாம்பு, கயிறு, உறிப்பானை 1,850, நோட்டீஸ் 1,200, முதலுதவி மருந்து 450, மொத்தம் 33,500. கையிருப்பு 3,350. கீழே பொருளாளர் கையெழுத்தும், நிர்வாகத்தில் இல்லாத இரண்டு பேர் சரிபார்த்த கையெழுத்தும். கூடவே வீடு வீடாகக் கொடுத்தவர் பெயரும் தொகையும் எழுதின பட்டியல். அந்தப் பட்டியலைத்தான் ஜனங்கள் நின்று படிப்பார்கள், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பார்ப்பதற்காக, அதில் அடுத்த வருஷ வசூல் தானாகக் கூடும்.

மாதச் சந்தா சின்னதாக இருக்கட்டும், ஐம்பது ரூபாய் போதும். படிக்கிற பையன்களிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன்மார் மொத்தமாக அனுப்புவது உதவிதான், ஆனால் ஓர் ஆளின் காசில் ஓடும் மன்றம் அந்த ஆளின் மன்றமாகிவிடும். அரசியல்வாதி பணம் கொடுத்தால்? எல்லாக் கட்சியிடமும் ரசீது போட்டு வாங்குங்கள், அல்லது யாரிடமும் வாங்காதீர்கள். ஜெர்சி வாங்கித் தருகிறேன், முதுகில் என் படம் போடுங்கள் என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். தேர்தல் வரும்போது அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு வேனில் ஏறச் சொல்வார்கள்.

பதிவு செய்வது

மூன்று மாதம் வேலை நடந்த பிறகு இதற்கு வாருங்கள். தமிழ்நாட்டில் இதற்குரிய சட்டம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கலாம். இருபது உறுப்பினர்களோ, ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரவோ செலவோ இருந்தால் பதிவு கட்டாயம் என்கிறது அந்தச் சட்டம். ஆக மேலே சொன்ன பொங்கல் விழா ஒன்றை நடத்தினாலே நீங்கள் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறீர்கள்.

பத்திரம் பதியும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நிற்காதீர்கள், இது மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தின் வேலை. பதிவுத் துறையின் இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். முக்கியமாக இரண்டு ஆவணங்கள் தயாரிக்க வேண்டும்: சங்கத்தின் பெயர், நோக்கம், முகவரி, தொடங்குபவர்கள் விவரம் அடங்கிய மெமோரண்டம் ஒன்று, சங்கம் எப்படி நடக்கும் என்று சொல்லும் பைலா ஒன்று. தமிழிலேயே எழுதலாம். பெயர் ஏற்கனவே இருக்கும் சங்கத்தின் பெயரைப் போல இருந்தால் திருப்பிவிடுவார்கள், அரசுத் துறை என்று தோன்றும் பெயரும் கூடாது, அதனால் இரண்டு மூன்று பெயர் யோசித்து வையுங்கள். அலுவலக முகவரிக்கு யாருடைய வீட்டைக் காட்டுகிறீர்களோ அவருடைய சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதும் தேவைப்படும்.

ஜெராக்ஸ் கடையில் ரெடிமேட் பைலா கிடைக்கும், பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். வாங்குங்கள், ஆனால் படியுங்கள். வேறு ஏதோ மாதர் சங்கத்துக்கோ கோயில் டிரஸ்டுக்கோ எழுதியதாக இருக்கும். நீங்கள் உட்கார்ந்து யோசித்து எழுத வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன: உறுப்பினரை யார் சேர்ப்பது, எந்தக் காரணத்துக்கு நீக்கலாம், நீக்கும் முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டுமா, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், எவ்வளவு தொகைக்கு மேல் செலவுக்குத் தீர்மானம் வேண்டும், மன்றம் கலைந்தால் சொத்து யாருக்கு. இப்போது எல்லோரும் நண்பர்கள், இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். நண்பர்களாக இருக்கும்போதுதான் இதை எழுத முடியும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டமே சொல்வது. நீங்கள் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுச் சான்றிதழ் வந்ததும் சங்கத்தின் பெயரில் பான் அட்டை, பிறகு தீர்மான நகலோடு வங்கிக் கணக்கு. இதற்கெல்லாம் அலைச்சல் உண்டு, பொறுமை வேண்டும். அதைவிட முக்கியம், பதிவு செய்தவுடன் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து ஆறு மாதத்துக்குள் வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். முக்கால்வாசி மன்றங்கள் இதை விட்டுவிடும். நாலு வருஷம் கழித்து ஏதாவது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது "தாக்கல் நகல் எங்கே" என்று கேட்பார்கள், அப்போது அபராதமும் அலைச்சலும். செப்டம்பர் மாதம் என்றால் தாக்கல் என்று எல்லோருடைய போனிலும் அலாரம் வைத்துவிடுங்கள். வருமான வரி விலக்குக்கான 12ஏ, 80ஜி எல்லாம் பெரிய நன்கொடை வரும் காலத்தில் ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளலாம், இப்போது தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இடமும் ஊராட்சியும்

மைதானம் என்று நீங்கள் நினைக்கிற காலி இடம் யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் சொன்னால் பட்டாவா, நத்தமா, மேய்ச்சல் புறம்போக்கா, நீர்நிலையா என்று தெரிந்துவிடும். நீர்நிலைப் புறம்போக்கில் மண் கொட்டிச் சமன்படுத்தாதீர்கள். உங்கள் நோக்கம் நல்லதாக இருந்தாலும் அது ஆக்கிரமிப்புதான்.

ஊராட்சியிடம் கேட்பதை வாயால் கேட்காதீர்கள், மனுவாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராம சபைக் கூட்டம் வருஷத்துக்கு ஆறு தரம் நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பத்து இருபது பேராகப் போய் உட்காருங்கள், மைதானத்துக்கு விளக்கு, தண்ணீர்க் குழாய், நூலகத்தைச் சாயங்காலமும் திறந்து வைப்பது என்று ஏதாவது ஒன்றைக் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதுகிறார்களா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள். 2024-இல் கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் என்று எல்லா கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணங்கள் கொடுத்தார்கள். உங்கள் ஊரில் அது அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதா என்று ஊராட்சி செயலாளரிடம் விசாரியுங்கள், புதிதாகப் பந்து வாங்கும் முன். அண்ணா மறுமலர்ச்சித் திட்டக் காலத்தில் கட்டிய நூலகக் கட்டிடங்கள் சில ஊர்களில் சும்மா கிடக்கின்றன, படிப்பு வட்டத்துக்கு அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசுப் பக்கம், 1972 முதல் இளைஞர் மன்றங்களோடு வேலை செய்துவந்தது நேரு யுவ கேந்திரா. 2023 அக்டோபர் 31 அன்று மை பாரத் என்ற அமைப்பையும் தொடங்கினார்கள். அதன் இணையதளத்தில் பதிந்துகொள்ளலாம், மாவட்ட அலுவலகத்துக்கு நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டால் பயிற்சிகள், போட்டிகள் பற்றித் தகவல் வரும். பெரிய பணம் எதிர்பார்க்காதீர்கள்.

விழா நடத்தும்போது

சில விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் அனுமதி வாங்குங்கள், இரவு பத்து மணிக்கு மேல் காலை ஆறு மணி வரை எப்படியும் கூடாது. பரீட்சை நேரத்தில் அதற்கும் முன்னாலேயே நிறுத்துங்கள். சாலையோரம் பேனர் வைப்பதற்கும் அனுமதி தேவை. என்னைக் கேட்டால் பேனரே வேண்டாம், அந்தக் காசில் நாலு பந்து வாங்கலாம். போட்டி விதிகளை முதல் நாளே எழுதி ஒட்டுங்கள், நடுவரை வெளியூரிலிருந்து கூப்பிடுங்கள். கபடியில் போனஸ் பாயிண்ட் தகராறு ஊர்ச் சண்டையாக மாற அஞ்சு நிமிஷம் போதும். குடித்துவிட்டு வருபவரைக் களத்தில் விடக் கூடாது, அவர் மன்றத் தலைவராக இருந்தாலும்.

ரத்த தான முகாம் நடத்தினால் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுங்கள். வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பெயர் கொடுத்தவர்களில் கணிசமான பேரை எடை, ஹீமோகுளோபின் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனவே அதிகமாகவே பெயர் சேருங்கள். காலையில் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், வெறும் வயிற்றில் வந்து மயங்கி விழுந்தால் அடுத்த முகாமுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். ரத்த வகையோடு ஒரு பட்டியலும் வைத்திருங்கள், நடுராத்திரி போன் வரும்போது பயன்படுவது அதுதான்.

மரம் நடுவதில் எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. ஒரு செடிக்கு ஒன்பது பேர் கை வைத்துப் போட்டோ எடுப்பார்கள், மறுவாரம் ஆடு மேய்ந்துவிடும். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் பனை விதையைப் போடுங்கள். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழங்களைப் பொறுக்கி விதையெடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஏரிக்கரையில் பத்தடிக்கு ஒன்றாகக் குழி தோண்டிப் போட்டுவிட்டால் மீதியை மழை பார்த்துக்கொள்ளும், ஆட்டுத் தொல்லையும் குறைவு. கரை நீர்வளத் துறையுடையதா ஊராட்சியுடையதா என்று கேட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கூட்டமும் கைமாற்றமும்

மாதம் ஒரு கூட்டம், ஒரு மணி நேரம். போன தீர்மானம் என்னாச்சு, கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த மாதம் யாருக்கு என்ன வேலை. இதைத் தாண்டினால் பஞ்சாயத்துதான். தீர்மானப் புத்தகத்தில் வந்தவர்களின் கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள், கடைசியில் வாங்கினால் கோபித்துக்கொண்டு போனவர்களின் கையெழுத்து கிடைக்காது. வாட்ஸ்அப் குரூப்பில் முடிவெடுக்காதீர்கள். தம்ஸ் அப் போட்டது சம்மதமா, படித்தேன் என்பதா என்று பிறகு சண்டை வரும்.

வேலை கிடைத்துச் சென்னைக்கோ திருப்பூருக்கோ போகிறவர்கள், கல்யாணமாகிப் போகிறவர்கள் என்று மூன்று வருஷத்தில் பாதிக் கூட்டம் மாறிவிடும். அதை முன்கூட்டியே எதிர்பார்த்து, ஒவ்வொரு பொறுப்பிலும் இப்போதே ஒரு இளையவரைத் துணையாகப் போடுங்கள். பொருளாளருக்குத் துணை பொருளாளர் என்றால் அவர்தான் கணக்கு நோட்டை எழுத வேண்டும், மூத்தவர் சரிபார்த்தால் போதும். நிர்வாகம் மாறும் நாளில் ரசீது புத்தகங்கள், தீர்மானப் புத்தகம், பதிவுச் சான்றிதழ் அசல், பான் அட்டை, சாவிகள், கேரம் காய்கள் வரை பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திட்டு மாற்றுங்கள். அந்த வாரமே வங்கியில் கையெழுத்து மாற்றக் கடிதம், பதிவாளரிடம் புதிய நிர்வாகிகள் பட்டியல், வாட்ஸ்அப் குரூப்பில் பழைய அட்மின்களை எடுத்துவிட்டுப் புதியவர்களை அட்மின் ஆக்குவது. முன்னாள் தலைவருக்குக் கௌரவத் தலைவர் என்று ஒரு பதவி கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடுங்கள், காசோலைப் புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.